இரவு தங்கும் கோடை விளையாட்டு முகாமுக்குப் பிள்ளையை அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் மகளையும் மகனையும் சேர்த்து இதுவரை ஆறு முறை இரவு தங்கும் விளையாட்டு முகாமுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு கோடைகளில், பிள்ளைகள் வந்து இறங்கும் நாளன்று பதிவு மேசையில் உதவிக்கும் நின்றேன். அங்கே நின்று பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. முதல்முறை அனுப்புகிற பெற்றோர் யாரும் அக்கறையில் குறை வைப்பதில்லை, வரிசையைத்தான் மாற்றிவிடுகிறார்கள். பையும் ஷூவும் முதலில் வந்துவிடுகின்றன. மருத்துவப் படிவம் கடைசி வாரம் அவசரமாக நிரம்புகிறது. முகாமில் இரவு எப்படி இருக்கும் என்ற பேச்சு, கிளம்பிப் போகும் காரில்தான் முதல்முறையாக வருகிறது.

8 வயதிலிருந்து 15 வயது வரையுள்ள பிள்ளையை, ஐந்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நடக்கும் முகாமுக்கு அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த விளையாட்டாக இருந்தாலும் வரிசை இதுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது நேரம். எட்டு வாரம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம், நான்கு வாரம் இருந்தால் ஓடி ஓடிச் செய்யலாம். அதற்கும் குறைவாக இருந்தால் மூன்றாவது, நான்காவது படிகள் நடக்கவே நடக்காது. இந்த இரண்டும்தான் பிள்ளையை முகாமில் காப்பாற்றுகிற படிகள்.

அப்புறம், முகாம் அனுப்பும் நாள் அட்டவணை, தடுப்பூசி அட்டை, பிள்ளை சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, இரண்டு அவசரத் தொடர்பு எண்கள். இரண்டாவது எண் உங்கள் துணையுடையதாக இல்லாமல் வேறொருவருடையதாக இருக்கட்டும். நீங்கள் இருவரும் ஒரே இடத்தில் சிக்னல் இல்லாமல் மாட்டிக்கொண்டால் முகாமுக்குப் பேச ஆள் வேண்டும்.

1. பிள்ளை தயாரா என்று பாருங்கள்

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்பது வயதில் பத்து நாள் நன்றாக இருந்துவிட்டு வந்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன், பதின்மூன்று வயதில் மூன்றாவது நாளே உடைந்துபோன பிள்ளையையும் பார்த்திருக்கிறேன்.

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். நினைவுபடுத்தாமல் குளித்து, பல் தேய்த்து, உடை மாற்றிக்கொள்ளத் தெரியுமா? வலித்தாலோ பயமாக இருந்தாலோ வெளி ஆளிடம் வாய் திறந்து சொல்லுமா? வீட்டுக்கு வெளியே ஓர் இரவாவது பெற்றோர் இல்லாமல் தூங்கியிருக்கிறதா? கடைசியாக, போக வேண்டும் என்று அதற்கே ஆசை இருக்கிறதா?

முதல் மூன்றையும் பழக்கிவிடலாம். நான்காவதைப் பழக்க முடியாது. அதனால் முகாமைத் தேர்ந்தெடுக்கும்போதே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டு மூன்று முகாம்களைக் காட்டி, “உனக்கு எது பிடிச்சிருக்கு?” என்று கேளுங்கள். தானே தேர்ந்தெடுத்த இடத்தில் பிள்ளை கஷ்டத்தைத் தாங்கும். தள்ளிவிடப்பட்டோம் என்று நினைத்தால் சின்னக் கஷ்டம்கூடப் பெரிதாகிவிடும்.

பொதுவான தவறு: நண்பன் போகிறான் என்பதற்காக மட்டும் அனுப்புவது. அறை ஒதுக்கீட்டில் இருவரும் பிரிந்துவிட்டால் போன காரணமே போய்விடும்.

2. பணம் கட்டும் முன் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்

பணம் கட்டிய பிறகு கேட்டால், கிடைக்கிற பதில் எதுவாக இருந்தாலும் மனம் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராகிவிடும். அதனால் முன்பே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

விளையாட்டு வசதிகளைப் பற்றி எல்லா முகாம்களும் தாமாகவே சொல்லிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது இரவைப் பற்றி. விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது? அந்தக் கட்டடத்தில் யார் தூங்குகிறார்கள்? இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வாந்தி வந்தால் அது எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்கிற முகாம், அதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருக்கிறது என்று அர்த்தம்.

எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கேளுங்கள். அமெரிக்க முகாம் சங்கம் இரவு தங்கும் முகாம்களுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: 6 முதல் 8 வயது வரை ஆறு பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வரை எட்டுப் பேருக்கு ஒருவர், 15 முதல் 18 வரை பத்துப் பேருக்கு ஒருவர். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். மைதானத்தில் இருக்கும் பயிற்சியாளர்களை இதில் சேர்க்க விடாதீர்கள். இரவு தங்கும் கட்டடத்தில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

பாதுகாப்பைப் பற்றி நேராகவே கேளுங்கள், கூச்சமே வேண்டாம். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா? வேலைக்கு எடுப்பவர்களின் பின்னணியைச் சரிபார்க்கிறார்களா? உடை மாற்றும் அறையிலும் குளியலறையிலும் கைபேசிக்குத் தடை உண்டா? கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த முகாமே வேண்டாம்.

மருத்துவ விஷயத்தில் மூன்று கேள்விகள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்குத் திரும்ப விளையாட விடுவார்களா? “விடமாட்டோம்” என்பது ஒன்றுதான் சரியான பதில். இடி கேட்டால் என்ன செய்வார்கள்? மைதானத்தைக் காலி செய்து, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறக்க வேண்டும். வெயிலில் ஒரு பிள்ளை தடுமாறி, குழறிப் பேசினால்? ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே உடம்பைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும். அதற்கான தொட்டியும் ஐஸும் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

பாதியில் திரும்பினால் பணம் கிடைக்குமா, கைபேசி அனுமதி உண்டா, நடுவில் பெற்றோர் வரலாமா என்பவற்றையும் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. மருத்துவப் படிவத்தை மறைக்காமல் நிரப்புங்கள்

மருத்துவரிடம் நேரம் வாங்குவதை நான்கு வாரத்துக்கு முன்பே செய்யுங்கள். ஏதாவது பரிசோதனை எடுக்கச் சொன்னாலோ, இன்ஹேலரை மாற்றிக் கொடுத்தாலோ, அதற்குப் பழகிக்கொள்ள நாள் வேண்டும்.

பதிவு மேசையில் நான் அடிக்கடி பார்த்த ஒன்று: படிவத்தில் “இல்லை, இல்லை, இல்லை” என்று எல்லாக் கட்டத்திலும் எழுதியிருக்கும். பிள்ளை உள்ளே போன பிறகு அம்மா மேசைக்குத் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தி, “ராத்திரி எப்பவாவது படுக்கையை நனைச்சுடுவான், யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்பார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றிரவு அந்த அறையில் படுக்கப்போகிறவர் நான் இல்லை. இரவில் பிள்ளைகளோடு தங்கும் காப்பாளருக்குத் தெரிந்திருந்தால், மற்றவர்கள் எழுவதற்கு முன் அவனை எழுப்பி, சத்தமில்லாமல் விரிப்பை மாற்றிவிடுவார். தெரியாவிட்டால், எட்டுப் பிள்ளைகள் கண் முன்னால் அவனே சமாளிக்க வேண்டும்.

தூக்கத்தில் நடக்கும் பழக்கம், ஒவ்வாமை, ஆஸ்துமா, பழைய கணுக்கால் சுளுக்கு, இருட்டுப் பயம், சமீபத்தில் வீட்டில் நடந்த சாவு எல்லாவற்றையும் எழுதுங்கள். தூக்கத்தில் நடக்கிற பிள்ளைக்குக் கீழ்க் கட்டில் கொடுப்பார்கள். அந்த ஒரு வரி எழுதாமல் விட்டால் மேல் கட்டில் கிடைத்துவிடலாம்.

மருந்துகளை அவற்றின் அசல் பெட்டியிலேயே, பெயரும் அளவும் தெரியும்படி கொடுங்கள். மாத்திரைகளை ஒரே டப்பாவில் கலந்து கொண்டுவந்தால் எது எது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆஸ்துமா இன்ஹேலர், ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி இரண்டும் அலுவலக அறையில் பூட்டிக் கிடக்கக் கூடாது. பிள்ளையிடமோ, மைதானத்தில் கூட நிற்கும் பயிற்சியாளரிடமோ இருக்க வேண்டும். இதைப் படிவத்திலும் எழுதி, நேரிலும் சொல்லுங்கள்.

மகள் இன்னும் பூப்பெய்தவில்லை என்றாலும் பையில் நாப்கின் இருக்கட்டும். அதை எப்படி வைப்பது, யாரிடம் சொல்வது என்பதை வீட்டிலேயே பேசிவிடுங்கள்.

4. உடம்பை நான்கு வாரம் முன்பே பழக்குங்கள்

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்யலாம் என்பதற்கு விளையாட்டு மருத்துவத்தில் ஓர் அளவுகோல் சொல்வார்கள்: பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 11 வயதென்றால் வாரத்துக்கு 11 மணி நேரம். முகாமிலோ ஒரு நாளைக்கே ஐந்தாறு மணி நேரம் ஓடவிடுவார்கள். இரண்டு நாளில் ஒரு வாரக் கணக்கு முடிந்துவிடும். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை நேராக அங்கே போனால் மூன்றாவது நாள் தொடை பிடித்துக்கொள்ளும், முழங்கால் வலிக்கும்.

அதற்காக வீட்டிலேயே ஒரு முகாம் நடத்த வேண்டாம். வாரம் நான்கு நாள், முக்கால் மணி நேரம் ஓடுகிற விளையாட்டு போதும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டுங்கள். முகாமுக்கு முந்தைய மூன்று நாள் குறைத்துவிடுங்கள், களைப்போடு போகக் கூடாது.

வெயிலுக்கு உடம்பு பழகச் சுமார் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். கோடை முகாம் என்றால் கடைசி இரண்டு வாரப் பயிற்சியில் ஒரு பகுதியாவது வெளியில், வெப்பம் தெரிகிற நேரத்தில் இருக்கட்டும். குறைந்த நேரத்தில் தொடங்குங்கள். தாகம் எடுக்கும் முன்பே குடிக்கப் பழக்குங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்திருந்தால் இன்னும் தண்ணீர் வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். இதைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு யாரும் “தண்ணி குடிச்சியா” என்று கேட்க வேண்டியதில்லை.

தூக்கத்தையும் இப்போதே சரிசெய்யுங்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. விடுமுறையில் நள்ளிரவு வரை விழித்திருந்த பிள்ளை, முகாமில் காலை ஆறு மணி விசிலுக்கு எழுந்தால் முதல் இரண்டு நாளும் அரைத் தூக்கத்தில்தான் விளையாடும். அந்த அரைத் தூக்கத்தில்தான் அடிபடும், அழுகையும் வரும். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே படுக்கும் நேரத்தை நாளுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளுங்கள்.

5. ஷூவைப் பழக்குங்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுப்பதற்குக் காரணம் உண்டு. என் மகளின் முதல் முகாமுக்கு, கிளம்பும் முந்தைய நாள் மாலை ஆசையாசையாகப் புது ஷூ வாங்கினேன். நான்கு நாள் கழித்துப் பார்க்கப் போனபோது மைதானத்தின் ஓரத்தில் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு குதிகாலிலும் ஐம்பது பைசா அளவுக்குத் தோல் உரிந்து, சாக்ஸ் அதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து நனைத்துத்தான் அதைப் பிரித்தெடுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “வலிக்கலம்மா” என்றாள்.

குறைந்தது இரண்டு வாரம் முன்பே வாங்குங்கள். மாலையில், விளையாடும்போது போடுகிற அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். முதல் நாள் வீட்டுக்குள் அரைமணி நேரம், அடுத்து வெளியில் நடை, அப்புறம் ஓட்டம். குதிகாலில் சிவப்பு தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒட்டுப் பட்டை போட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். பழைய ஷூவையும் பையில் வையுங்கள். மழையில் ஒன்று நனைந்தால் இன்னொன்று வேண்டும்.

முழங்கால் காப்பு, கணைக்கால் காப்பு, பல் காப்பு, தலைக்கவசம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். முகாமில் முதல்முறையாகப் போட்டுப் பார்க்கும் பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

6. வெளியே இரவு தங்கிப் பழகட்டும்

ஒரே ஓர் இரவில் தொடங்குங்கள். உறவினர் வீடோ நண்பன் வீடோ, எங்கேயும் சரி. முகாமில் போன் கிடையாது என்றால் இந்த ஒத்திகையிலும் போன் வேண்டாம். அடுத்த வாரம் இரண்டு இரவு.

பிள்ளை திரும்பி வந்ததும், “அழுதியா?” என்று கேட்காதீர்கள். “தூக்கம் வராதப்போ என்ன செஞ்சே?” என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதில்தான் முகாமுக்கு எடுத்துப்போகும் மருந்து. என் மகன், “சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு நாளைக்கு என்னென்ன செய்யப்போறேன்னு எண்ணினேன்” என்றான். அதையே முகாமிலும் செய்யச் சொன்னேன், செய்தான்.

7. வீட்டு நினைப்பைப் பற்றி முன்பே பேசுங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். வீட்டு நினைப்பு வரக் கூடாது என்று யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருக்குமே கொஞ்சமாவது அது வரும். நாம் செய்யக்கூடியது, அது வரும்போது என்ன செய்வது என்று முன்பே சொல்லிவைப்பதுதான்.

“அங்க போனா வீட்டு ஞாபகமே வராது பாரு” என்று சொல்லாதீர்கள். முதல் இரவே ஞாபகம் வந்துவிடும். அப்போது பிள்ளை, தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ளும். “சாயங்காலம் விளையாட்டு முடிஞ்சு குளிச்சுட்டு உட்காரும்போது ஞாபகம் வரும். படுக்கும்போது இன்னும் கொஞ்சம் வரும். காலையில எழுந்து ஓட ஆரம்பிச்சா குறைஞ்சிடும்” என்று சொல்லுங்கள். எப்போது வரும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் பாதிதான்.

அடுத்து, பெரும்பாலான பெற்றோர் சறுக்குகிற இடம். பிள்ளை கேட்கும்: “பிடிக்கலன்னா என்ன செய்யறது?” நாம் பாசத்தில் உடனே, “ஒரு போன் போடு, வந்து கூட்டிட்டு வந்துடறேன்” என்றுவிடுவோம். தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2007-ல் வீட்டு நினைப்பைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் இப்படி வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு காரணங்கள். என்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள் போல என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். கஷ்டம் வந்தவுடன் அதைச் சமாளிக்கும் வழியைத் தேடாமல், எப்போது போன் போடலாம் என்றே மனம் சுற்றிக்கொண்டிருக்கும். போன் வந்து நீங்கள் போகாவிட்டாலோ, கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும்.

அதற்குப் பதிலாக நான் சொல்வது இது: “முதல் ரெண்டு மூணு நாள் கஷ்டமா இருக்கலாம். அப்போ உங்க காப்பாளர்கிட்ட போய்ச் சொல்லு. அவர் உதவி செய்வார். உன்னால முடியும்னு நினைச்சுத்தான் அனுப்பறேன்.” அப்புறம் ஒரு காலண்டரை எடுத்து, போகும் நாளையும் வரும் நாளையும் வட்டம் போட்டு, நடுவில் எத்தனை இரவு என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்கு “பத்து நாள்” என்பது முடிவில்லாத ஒன்று. கட்டமாகப் பார்த்தால் அதற்கு ஓர் அளவு வந்துவிடும்.

உங்கள் ஏக்கத்தையும் அடக்கி வாசியுங்கள். “நீ இல்லாம வீடே வெறிச்சுனு இருக்கும்” என்று சொன்னால், பிள்ளை உங்களைப் பற்றிய கவலையையும் சேர்த்துப் பையில் கட்டிக்கொண்டு போகும்.

இதே வாரத்தில் உடல் பாதுகாப்பைப் பற்றியும் பேசுங்கள். உன் உடம்பைத் தொட்டு யாராவது உனக்குச் சங்கடம் கொடுத்தால், பயிற்சியாளராக இருந்தாலும் பெரிய பையனாக இருந்தாலும், “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அங்கிருந்து வெளியே வந்துவிடு. யாராவது “வீட்டில் சொல்லாதே” என்றால், அதை முதலில் வீட்டில்தான் சொல்ல வேண்டும். இது மட்டும் நடந்தால் எந்த நேரத்திலும் போன் செய்யலாம், நாங்கள் உடனே வருவோம் என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். முன்னால் சொன்ன வாக்கு விஷயத்தோடு இதைக் குழப்பிவிடக் கூடாது.

8. பையைப் பிள்ளையே அடுக்கட்டும்

நீங்கள் அடுக்கிக் கொடுத்த பையில் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. முகாமுக்குள் போய்ப் பார்த்தால், அடியில் புத்தம் புது உள்ளாடை மடித்தபடி இருக்கும், பிள்ளை நான்கு நாளாக ஒன்றையே போட்டுக்கொண்டிருக்கும். எங்கே இருக்கிறதென்று தெரியாது, அவ்வளவுதான் காரணம்.

முகாம் தந்த பட்டியலைப் பிள்ளை கையில் கொடுங்கள். எல்லாவற்றையும் கட்டில் மேல் பரப்பச் சொல்லுங்கள். நீங்கள் பட்டியலை வாசியுங்கள், பிள்ளை எடுத்து உள்ளே வைக்கட்டும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சட்டை, ஒரு அரைக்கால் சட்டை, உள்ளாடை, சாக்ஸ் என்று சேர்த்து ஒரு பையில் சுருட்டி வைத்தால் காலையில் ஒன்றை உருவினால் போதும். சாக்ஸ் மட்டும் நாள் எண்ணிக்கைக்கு இரு மடங்கு வையுங்கள். நனைந்த சாக்ஸோடு ஓடினால் கொப்புளம் நிச்சயம்.

எல்லாவற்றிலும் அழியாத மார்க்கரால் பெயர் எழுதுங்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியிலும், ஒவ்வொரு ஷூவிலும் தனித்தனியாக. அழுக்குத் துணிக்கு ஒரு பை, நனைந்த துணிக்கு இன்னொரு பை. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வையுங்கள். அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும் என்பதையும், காது மடலையும் பின்கழுத்தையும் விட்டுவிடக் கூடாது என்பதையும் ஒருமுறை பூசிக் காட்டுங்கள்.

விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். தலையணை உறையோ சின்னத் துணிப் பொம்மையோ, வீட்டு வாசனையுள்ள ஒன்று இருக்கட்டும், பெரிய பிள்ளையாக இருந்தாலும்.

அடுக்கி முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடக்கச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் பாதியை எடுத்துவிடுங்கள். இறக்கிவிடும் இடத்திலிருந்து அறை வரை பிள்ளைதான் தூக்கப்போகிறது.

9. விட்டுவரும் நாள்

சீக்கிரமாகப் போங்கள். கடைசியாக வரும் பிள்ளை, ஏற்கெனவே பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் அறைக்குள் தனியாக நுழைய வேண்டியிருக்கும்.

போனதும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பதிவு, பிறகு மருந்தை உரியவர் கையில் கொடுப்பது, பிறகு அறை, பிறகு கழிப்பறை எங்கே என்று பிள்ளையோடு நடந்து பார்ப்பது, கடைசியாகக் காப்பாளரிடம் அறிமுகம். கழிப்பறையை ஏன் சொல்கிறேன் என்றால், இருட்டில் வழி தெரியாததால் காலை வரை அடக்கிக்கொண்டு படுத்திருந்த பிள்ளைகள் உண்டு.

காப்பாளரிடம் இரண்டே வாக்கியம் சொல்லுங்கள், அதிகம் சொன்னால் மறந்துவிடுவார். “கோபம் வந்தா பேசாம ஒதுங்கிடுவான், பத்து நிமிஷம் விட்டா சரியாயிடுவான்” என்பது போல, அவருக்குப் பயன்படுகிற ஒன்று.

பிறகு கிளம்புங்கள். ஒருமுறை கட்டிக்கொள்ளுங்கள், எந்த நாள் வருவீர்கள் என்று சொல்லுங்கள், திரும்பி நடங்கள். பிள்ளை அழுதாலும் கிளம்புங்கள். சொல்லாமல் நழுவி மட்டும் போகாதீர்கள், அதைப் பிள்ளை வெகுநாள் மறக்காது. படுக்கையை நீங்கள் விரித்துக் கொடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கேயே நின்றால், அந்த ஒரு மணி நேரமும் பிள்ளை பக்கத்துக் கட்டில்காரனோடு பேசாது.

10. நடுவில் வரும் நாட்கள்

முதல் மூன்று நாள்தான் கடினம், பெற்றோருக்கும் சேர்த்து. முகாம் போடும் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, “முகம் வாடியிருக்கே” என்று முகாமுக்குப் போன் போடாதீர்கள். ஒரு நொடிப் படத்தில் ஒரு நாள் தெரியாது.

முகாம் அனுமதித்தால், நீங்கள் கிளம்பும் முன்பே ஒரு கடிதம் எழுதிக் காப்பாளரிடம் கொடுத்துவிட்டு வரலாம், இரண்டாம் நாள் கொடுக்கச் சொல்லி. வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று எழுதாதீர்கள். அங்கே என்ன கற்றுக்கொண்டாய், பக்கத்துக் கட்டிலில் யார் என்று கேட்டு எழுதுங்கள்.

அழுதுகொண்டே போன் வந்தால்? என் மகனின் முதல் முகாமில் இரண்டாம் இரவு ஒன்பது மணிக்கு வந்தது. “அம்மா, வந்து கூட்டிட்டுப் போ” என்பதைத் தவிர வேறு வார்த்தையே இல்லை. நான் சாவியை எடுத்துவிட்டேன். என் கணவர்தான் போனை வாங்கி, “சரிடா, கஷ்டமா இருக்கு இல்ல. இன்னிக்கு என்ன விளையாடினீங்க?” என்று கேட்டார். விக்கிக்கொண்டே சொன்னான். நாளைக் காலையில் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னான். “சரி, காப்பாளர்கிட்ட போனைக் குடு” என்றார். மறுநாள் மதியம் காப்பாளர் கூப்பிட்டு, காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறான் என்றார். அழுகையை முழுதாகக் கேட்பது, வருத்தத்தை ஒப்புக்கொள்வது, அடுத்த நாளுக்குப் பேச்சைக் கொண்டுபோவது, பெரியவரிடம் பேசுவது: இந்த வரிசையைத்தான் இன்றுவரை நானும் பின்பற்றுகிறேன்.

அழைத்து வர வேண்டிய நேரமும் உண்டு. நாள் கணக்கில் சாப்பிடாமலோ தூங்காமலோ இருந்தால், காய்ச்சல் குறையாவிட்டால், தலையில் அடிபட்டிருந்தால், பயிற்சியாளரோ மற்ற பிள்ளைகளோ துன்புறுத்துவதாகச் சொன்னால், காப்பாளர் சொல்வதும் பிள்ளை சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால், யோசிக்காமல் கிளம்புங்கள். அப்படி அழைத்து வந்த பிள்ளையிடம் “தோத்துட்டே” என்ற பொருள்பட ஒரு வார்த்தையும் வரக் கூடாது.

11. அழைத்து வரும் நாளும் அடுத்த வாரமும்

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். எல்லோரும் போன பிறகு பையின் மேல் உட்கார்ந்து காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த அரைமணி நேரம் மிக நீளமானது.

அங்கிருந்து கிளம்பும் முன் மூன்று வேலை. மருந்தைத் திரும்ப வாங்குங்கள், தொலைந்த பொருள் பெட்டியைப் பாருங்கள், ஏதாவது காயம் பட்டதா என்று காப்பாளரிடம் நேரில் கேளுங்கள்.

காரில் கேள்விகளை அடுக்காதீர்கள். பெரும்பாலும் பிள்ளை தூங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் எரிச்சல், சின்ன விஷயத்துக்கு அழுகை, நீண்ட தூக்கம் எல்லாம் வரலாம். இரண்டு மூன்று நாள் எந்தப் பயிற்சியும் வைக்காதீர்கள், முகாமில் கூடிப்போன மணிக்கணக்கை உடம்பு ஆற்றிக்கொள்ள வேண்டும். குளிக்கும் முன் பாதம், குதிகால், கால் விரலிடுக்கு, தலைமுடி நான்கையும் பாருங்கள். கொப்புளம், படர்தாமரை, பேன் எதுவாக இருந்தாலும் அன்றே கவனித்தால் எளிதில் தீரும். ஒரு வாரத்துக்கு மேலும் வலி இருந்தாலோ, நொண்டி நடந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கதைகள் தானாக வரும். மகள் ஒரு வாரம் கழித்து, துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கொப்புளத்தோடு எப்படி மூன்று நாள் விளையாடினாள் என்று சொன்னாள். சொன்னால் விளையாட விடமாட்டார்களோ என்று பயந்தாளாம். வலித்தால் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசாமல் விட்டது என் தவறு. இப்போது அது முதல் படியிலேயே இருக்கிறது.

பையைக் காலி செய்யும்போது ஒரு தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொடவே இல்லாத பொருள் எது, போதாமல் போனது எது, தொலைந்தது எது என்று பிள்ளையைக் கேட்டு எழுதி, அந்தத் தாளைக் காலிப் பைக்குள்ளேயே மடித்துப் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். அடுத்த கோடையில் பையைத் திறந்ததும் முதலில் அதுதான் கைக்கு வரும்.